ஃப்ளாரன்ஸுக்குப் போகும் இளம் சிற்பிக்கு

அன்புள்ள மகளுக்கு,

மிலானில் வகுப்பு தொடங்கிய கையோடு வார இறுதிக்கு ஃப்ளாரன்ஸ் போகப்போவதாக எழுதியிருந்தாய். தோழிகள் போட்டுக்கொடுத்த பட்டியலையும் இணைத்திருந்தாய். உஃபிஸி, பிட்டி அரண்மனை, போபோலி தோட்டம், பொன்டே வெக்கியோ பாலம், மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் நின்று சூரிய அஸ்தமனம், இடையில் பீசாவுக்கு ஒரு ஓட்டம். உன் வயதில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருக்கும். ஆனால் நீ உளி பிடித்தவள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: அந்தப் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிடு. உஃபிஸியையும் சேர்த்துத்தான்.

உஃபிஸி ஓவியத்துக்கான இடம். அதற்கென்றே இரண்டு நாள் வேண்டும். மிலானிலிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரம்தானே, கூட்டம் குறைந்த குளிர்காலத்தில் தனியாகப் போய்க்கொள்ளலாம். இந்தத் தடவை சிலைகளுக்கு மட்டும். சிலைகளிலும், செய்தவன் கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது, எங்கே விட்டுவிட்டுப் போனது என்று தெரிகிற வேலைகளாகப் பார். முழுமையாக முடிந்த வேலை நம்மை வாயடைத்து நிற்க வைத்துவிடும். நமக்குப் பாடம் கிடைப்பது வேலை நடந்த தடம் அழியாமல் இருக்கும் இடத்தில். உன்னைப்போல இங்கிருந்து போகும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதைப் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ரயில் இறங்கியதும் பார்ஜெல்லோவுக்குப் போ. ஒரு காலத்தில் நகர நிர்வாகியின் மாளிகை, பிறகு சிறைச்சாலை, இப்போது சிற்ப அருங்காட்சியகம். முதல் மாடிப் பெரிய கூடத்தில் டோனடெல்லோவின் தாவீது நிற்பான், எல்லோரும் அவனைச் சுற்றியே நிற்பார்கள். நீ சுவரோரம் போ. இரண்டு வெண்கலப் பலகைகள் அருகருகே இருக்கும். அவற்றின் முன்னால் ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தப்பில்லை.

1401-இல் பேராலயத்துக்கு எதிரே உள்ள திருமுழுக்குக் கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்ய, துணி வணிகர் சங்கம் ஒரு போட்டி வைத்தது. கதை எல்லோருக்கும் ஒன்றே: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்கும் கணம். சட்டகமும் ஒன்றே, நான்கு இதழ்ப் பூ வடிவம். போட்டியிட்ட ஏழு பேரில் இருவர் வேலை மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒருவர் கிபெர்ட்டி, மற்றவர் புருனெலெஸ்கி. இருவருக்கும் இருபத்தைந்தை ஒட்டிய வயது.

முதலில் கதையைப் பார். புருனெலெஸ்கியின் ஆபிரகாம் மகன் கழுத்தைப் பிடித்துத் திருகுகிறார், கத்தி தொண்டையைத் தொடப்போகிறது, தேவதூதன் பாய்ந்து வந்து மணிக்கட்டையே பற்றிவிடுகிறான். கிபெர்ட்டியின் பலகையில் கத்தி இன்னும் எட்டவே நிற்கிறது. ஈசாக்கு மண்டியிட்டு, மார்பை நிமிர்த்தி, அழகான இளைஞனாக இருக்கிறான். இதைப் பார்த்ததும் தொழில் தெரிந்தவளின் கண்ணால் இன்னொரு தடவை பார். புருனெலெஸ்கி உருவங்களைத் தனித்தனியே வார்த்துப் பின்பலகையில் பொருத்தினார். கிபெர்ட்டியோ ஈசாக்கு முதலான சில பகுதிகள் நீங்கலாக ஏறக்குறைய முழுவதையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிட்டார். அவர் பலகை மற்றதைவிட ஏறத்தாழ 7 கிலோ எடை குறைவு. கதவில் மொத்தம் 28 பலகைகள். பெருக்கிப் பார், கிட்டத்தட்ட 200 கிலோ உலோகம் மிச்சம். பணம் கொடுக்கும் வணிகர்கள் அதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

என் நெஞ்சைப் பிடிப்பது புருனெலெஸ்கியின் ஆபிரகாம்தான். ஆனாலும் நான் நடுவராக இருந்திருந்தால் கதவைக் கிபெர்ட்டியிடம்தான் கொடுத்திருப்பேன். வார்ப்பு தெரிந்த எவரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். உணர்ச்சியும் தொழிலும் இரண்டு பலகைகளில் பிரிந்து கிடக்கும் இடம் அது. உன் தீர்ப்பு என்ன என்று அங்கேயே நோட்டில் எழுதிவிடு, வெளியே வந்தபின் எழுதினால் படித்ததைத்தான் எழுதுவாய். தோற்ற புருனெலெஸ்கி கட்டடக் கலைக்குப் போனார். பேராலயத்தின் குவிமாடம் அவருடையது. 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார், கீழிருந்து மரச்சாரம் தாங்காமல். 463 படி ஏற உனக்குத் தெம்பிருந்தால் ஏறு. ஊரை மேலிருந்து பார்க்க மட்டும் போகாதே. குவிமாடத்தின் உள், வெளி ஓடுகளுக்கு நடுவே செல்லும் அந்தக் குறுகலான வழியில், செங்கற்களைப் படுக்கையும் நெடுக்கையுமாக மீன் முள் போல் அடுக்கியிருப்பது தெரியும் இடங்களில் நின்று பார்.

பார்ஜெல்லோவிலேயே இன்னும் இரண்டு. டோனடெல்லோவின் புனித ஜார்ஜ் சிலைக்குக் கீழே ஒரு சிறு பளிங்குப் பலகை, ஜார்ஜ் குதிரைமேல் வந்து பறவைநாகத்தைக் குத்தும் காட்சி. மாமல்லபுரத்துப் பாறைப் புடைப்புகளைப் பார்த்துப் படித்த உனக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். நாம் ஆழம் வேண்டுமென்றால் கல்லை ஆழமாக வெட்டுகிறோம். அவர் பின்புலத்தைக் கல்லில் கீறியதுபோல மட்டும் விட்டுவிட்டு, தூரத்து மரங்களையும் தூண் வரிசையையும் கண்ணுக்குக் காட்டிவிடுகிறார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

அடுத்தது செல்லினியின் பெர்சியஸுக்காகச் செய்த சிறிய மெழுகு மாதிரி. அதை மனதில் பதித்துக்கொண்டு, ஐந்து நிமிட நடையில் இருக்கும் சின்யோரியா சதுக்கத்துக்குப் போனால், திறந்த மண்டபத்தில் முழுச் சிலை நிற்கும். 1545-இல் ஏற்ற வேலை, 1554-இல் மக்கள் முன் வந்தது. வார்த்த இரவைப் பற்றிச் செல்லினி தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். காய்ச்சலில் படுத்திருந்தவருக்கு, உலையில் உலோகம் உறைந்துபோனது என்று செய்தி வருகிறது. எழுந்து ஓடுகிறார், ஓக் விறகைத் திணித்து நெருப்பைக் கூட்டுகிறார், அப்படியும் ஓட்டம் போதாமல் வீட்டிலிருந்த வெள்ளீயத் தட்டு, கிண்ணம் ஏறத்தாழ 200-ஐ உருக்கில் போடுகிறார். செல்லினி தன்னைப் பற்றிச் சொல்வதில் மிகை நிறைய. ஆனால் இந்தத் தொழில்நுட்பம் பொய்யில்லை. வெண்கலத்தில் வெள்ளீயம் சேரச் சேர உருகுநிலை இறங்கும், உருக்கு இளகி மூலை முடுக்கெல்லாம் ஓடும். பாதத்தின் விரல் நுனிகள் மட்டும் நிரம்பவில்லை, அதைப் பிறகு சரிசெய்தார்.

சுவாமிமலைப் பட்டறையில் நீ தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சி உருட்டியவள், காவிரி வண்டலைக் கையால் பூசியவள். இங்கும் அதே முறைதான், மெழுகு போன இடத்தில் உலோகம். ஆனால் நாம் திருமேனியைக் கனமாக வார்க்கிறோம். அவர்கள் உள்ளே மண்கரு வைத்து, அதன்மேல் மெல்லிய மெழுகு ஏற்றி, பொள்ளலாக வார்க்கிறார்கள். மூன்று மீட்டரைத் தாண்டும் உருவத்துக்கு வேறு வழியில்லை. மண்கரு நகராமல் எதனால் பிடித்து வைத்திருப்பார்கள், காற்று எங்கே வெளியேறும் என்று அந்தச் சிலையைப் பார்த்தபடி யோசி. விடை தெரியாவிட்டால் திங்கட்கிழமை உன் வார்ப்பு ஆசிரியரிடம் கேள். அந்தக் கேள்வியோடு வகுப்புக்குப் போகிற மாணவிக்கு அவர் கூடுதலாகச் சொல்லித்தருவார்.

அதே மண்டபத்தில் ஜாம்போலோன்யாவின் சபைன் பெண் கவர்தல், 1583. ஒரே பளிங்குக் கல்லில் மூன்று உடல்கள் முறுக்கிக்கொண்டு மேலே ஏறுகின்றன. முகப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. சோழர் செப்புத் திருமேனிகளின் முதுகைப் பார்த்து வளர்ந்த உனக்குச் சுற்றிவரச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்று.

ஞாயிறு காலை அக்காதேமியா, முதல் நுழைவுக்கே சீட்டு வாங்கு. மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் அரசு அருங்காட்சியகங்களில் எல்லோருக்கும் இலவசம், கூட்டம் நெரியும். அப்படியானால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவை. கல்லூரிச் சேர்க்கைச் சான்றை எப்போதும் கையில் வைத்துக்கொள், நுண்கலை மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று ஒவ்வொரு கவுண்டரிலும் கேள். திறக்கும் நாளும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புமுன் ஒருமுறை சரிபார்.

உள்ளே போனதும் நீண்ட கூடத்தின் கோடியில், வெளிச்சத்துக்குக் கீழே மைக்கேலாஞ்சலோவின் தாவீது தெரிவான். எல்லோர் காலும் தானாக அந்தப் பக்கம் போகும். நீ நடக்காதே. இருபுறமும் நிற்கும் கைதிகளைப் பார். போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்காக மைக்கேலாஞ்சலோ தொடங்கி, முடிக்காமல் விட்ட நான்கு உருவங்கள். நீண்ட காலம் போபோலி தோட்டத்துச் செயற்கைக் குகையில் கிடந்தவை. ஊரிலேயே உனக்கு மிக முக்கியமான இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிட்டே போய் உளித்தடத்தைப் படி. ஆழமான தனித்தனிக் கோடுகள் கூருளியின் வேலை, கல்லை விரைந்து தள்ளிய இடம். அதன்மேல் நெருக்கமாக, இணையாக ஓடும் வரிகள் பல்லுளி. அந்த வரிகள் எந்தத் திசையில் திரும்புகின்றன என்று பார். தொடையில் தசையோடு சேர்ந்து வளைகின்றன, வயிற்றில் குறுக்கே போகின்றன. பென்சில் பிடித்தவன் நிழல் தீட்டுவதை அவர் உளியால் செய்திருக்கிறார். கருங்கல்லில் நமக்கு இது வாய்க்காது. உளியைச் செங்குத்தாக வைத்துக் குத்திக் குத்திப் பொடித்துத்தான் எடுக்க முடியும். பளிங்கு உளியைச் சாய்த்துச் சீவ இடம் கொடுக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தால் எத்தனை விஷயங்கள் மாறியிருக்கின்றன என்று அங்கே நின்று கணக்குப் போடு.

இன்னொன்று. நம் ஸ்தபதி கல்லின் எல்லாப் பக்கத்திலும் காவியால் கோடு போட்டு, தாள அளவைக் குறித்து, சுற்றிச் சுற்றி இறங்குவார். மைக்கேலாஞ்சலோ முன்முகத்திலிருந்து உள்ளே போகிறார். முழங்கால், மார்பு என்று முன்னால் வருவது முதலில் விடுபடுகிறது, முதுகு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் மனம் மாறினால் திருத்திக்கொள்ளப் பின்னால் கல் மிச்சம் இருக்கும். நம் முறையில் அளவு தவறாது, அவர் முறையில் முடிவைத் தள்ளிப்போடலாம். எது உயர்ந்தது என்று யாராவது உன்னிடம் வாதாடினால் சேராதே. உனக்கு இரண்டும் வேண்டும்.

தாவீதைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வேறு கைகள் தொட்டுக் கைவிட்ட ஒடுக்கமான கல் அது. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து பார், உடல் எவ்வளவு மெலிவாக இருக்கிறது என்பதற்குக் காரணம் புரியும்.

மதியம் பேராலயத்துக்குப் பின்னாலுள்ள அதன் அருங்காட்சியகம். கிபெர்ட்டியின் கதவுகளின் அசல் இங்கேதான். டோனடெல்லோவின் மரத்தாலான மகதலேனா மரியாள் இங்கே இருக்கிறாள். எலும்பும் தோலுமாய், கூந்தலே ஆடையாய் நிற்கும் அந்த மூதாட்டியைப் பார்த்ததும் உனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவு வரும். வரட்டும், தப்பில்லை. பல்லும் கண்ணும் எப்படிச் செய்திருக்கிறது என்று மட்டும் கவனமாகப் பார். 1966 நவம்பர் வெள்ளத்தில் நனைந்து, பிறகு சுத்தம் செய்தபோதுதான் கூந்தலிலிருந்த பொன்வண்ணம் மறுபடி தெரியவந்தது.

மைக்கேலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று செதுக்கிய பியெத்தாவும் (இறந்த கிறிஸ்துவைத் தாங்கும் சிலைத் தொகுதி) அங்கேதான். முதுமையில் அவரே சுத்தியலால் அதை உடைத்தார். கிறிஸ்துவின் இடது கால் இன்றும் இல்லை. கல்லில் ஓடிய விரிசல்களும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். நம் ஊரில் தட்டி ஓசை கேட்காமல் கல் எடுக்காததன் அருமை அங்கே உனக்குத் தெரியும். ஒட்டவைத்ததும், இடப்பக்கப் பெண் உருவத்தை முடித்ததும் கல்காஞ்ஞி என்ற இளைஞர். அந்த உருவம் மட்டும் வழவழப்பாக, அளவில் சிறுத்து, மற்ற மூன்றோடு ஒட்டாமல் நிற்கிறது. திறமைக் குறைவில்லை. இன்னொருவர் தொடங்கியதை முடிக்கப் போனவருக்கு வந்த பயம் அது என்பது என் எண்ணம்.

வரைவதைப் பற்றி ஒரு வார்த்தை. பென்சிலும் கைக்கடக்கமான நோட்டும் போதும். போனில் படம் எடுக்காதே என்று சொல்லமாட்டேன், ஆனால் வரைந்த பிறகு எடு. ஒவ்வொரு சிலையிலும் முழு உருவத்தை விட்டுவிட்டு ஒரு இணைப்பை வரை: கழுத்து தோளில் சேரும் இடம், கால் பீடத்தில் ஊன்றும் இடம், துணி தோலை விட்டு விலகும் இடம். அழகாக வர வேண்டாம். பசித்தால் ரொட்டி வாங்கிக்கொள். அந்த ஊர் ரொட்டியில் உப்புப் போடமாட்டார்கள், கடைக்காரர் மறந்துவிட்டார் என்று நினைத்துவிடாதே.

ரயிலுக்கு முன் அரைமணி மிச்சமிருந்தால் ஓர்சான்மிக்கேலேயின் வடக்குச் சுவருக்குப் போ. ஒவ்வொரு தொழிற்சங்கமும் தன் காவல் புனிதருக்கு ஒரு மாடம் வைத்த கட்டடம் அது. கல், மரத் தொழிலாளர் சங்கத்தின் மாடத்தில் நன்னி டி பாங்கோ செதுக்கிய நான்கு சிற்பிகள் நிற்பார்கள் (அசல் மேல்மாடி அருங்காட்சியகத்தில்). பேரரசன் கேட்ட சிலையைச் செதுக்க மறுத்து உயிர்விட்டவர்கள் என்று கதை. மாடத்தின் அடியில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது, அதைத்தான் நீ பார்க்க வேண்டும். ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் துளைக்கருவியைச் சுழற்றுகிறார், ஒருவர் தூணை அளக்கிறார், ஒருவர் குழந்தை உருவத்தைச் சாய்த்துவைத்துச் செதுக்குகிறார். 600 ஆண்டுக்கு முந்தைய பட்டறை. உளியை எந்த விரல்களில், எந்தச் சாய்வில் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பெரிதாக வரைந்து எனக்கு அனுப்பு. நம் பட்டறைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்