பஃபர் இப்போது யார் கையில்?

லினக்ஸ் டிரைவர் எழுத வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு.

1. லாக்கைத் தேடும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் டிரைவரின் பஃபரை யார் யார் தொடுகிறார்கள் என்று எழுதுங்கள்: ரீட் கூப்பிடும் ப்ராசஸ், இன்டரப்ட் ஹேண்ட்லர், வொர்க்க்யூ, டிஎம்ஏ. கடைசிப் பெயரைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கை மாறும் இடங்களில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அந்தக் கோடுகளில்தான் இருந்தன.

2. எந்த லாக் எந்த ஃபீல்டைக் காக்கிறது என்று ஸ்ட்ரக்டிலேயே கமென்ட் எழுதிவையுங்கள்.

3. இன்டரப்ட் ஹேண்ட்லர் தூங்கக் கூடாது. ஆகவே அங்கே மியூட்டெக்ஸ் ஆகாது, ஸ்பின்லாக்தான். ப்ராசஸ் பக்கம் அதே லாக்கை ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் கொண்டு எடுங்கள். வெறும் ஸ்பின்_லாக் போட்டால், லாக் உங்களிடம் இருக்கும்போதே அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து அதையே கேட்டு நிற்கும். அது முடியாமல் நீங்கள் விட முடியாது, நீங்கள் விடாமல் அது முடியாது. இன்னொன்று: ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு காப்பி_டு_யூசர் கூப்பிடாதீர்கள். பேஜ் ஃபால்ட் வந்தால் தூங்க நேரிடும்.

4. ஒருவர் எழுத, ஒருவர் படிக்க என்றால் ரிங் பஃபருக்கு லாக் வேண்டாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் வரிசை வேண்டும். நான் எழுதிய ஒரு சீரியல் டிரைவர் மேசையிலிருந்த எக்ஸ்86 மெஷினில் மாதக்கணக்கில் ஓடியது. நான்கு கோர் ஆர்ம் போர்டில் ஏற்றியதும், நாளைக்கு ஓரிரு முறை பழைய பைட் ஒன்று வந்து விழும். நிரல் இரண்டே வரி: பைட்டை எழுது, ஹெட்டைக் கூட்டு. ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் தெரியும் என்ற உறுதியை எக்ஸ்86 தருகிறது, ஆர்ம் தருவதில்லை. புது ஹெட் தெரிந்துவிட்டது, பைட் இன்னும் வந்து சேரவில்லை. வாலடைல் போட்டுப் பார்த்தேன். அது கம்பைலரைத்தான் அடக்கும், சிபியுவை அல்ல. எழுதும் பக்கம் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், படிக்கும் பக்கம் எஸ்எம்பி_லோட்_அக்வயர். நான்கு நாள் தேடியதற்கு மருந்து இவ்வளவுதான். கர்னலில் கேஃபைஃபோ என்ற ரிங் பஃபர் தயாராகவே இருக்கிறது; சொந்தமாக எழுதும் ஆசையை அடக்கி அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. டிஎம்ஏ_மேப்_சிங்கிள் கூப்பிட்ட நொடியிலிருந்து பஃபர் சாதனத்துக்குச் சொந்தம். அன்மேப் செய்யும் வரை, அல்லது டிஎம்ஏ_சிங்க்_சிங்கிள்_ஃபார்_சிபியு கூப்பிடும் வரை, படிக்கவும் செய்யாதீர்கள். ஸ்டாக்கில் இருக்கும் பஃபரைச் சாதனத்திடம் கொடுக்கவே கூடாது. ஸ்ட்ரக்டின் நடுவில் இருப்பதும் ஆபத்து: கேஷ் லைன் பல சிபியுக்களில் 64 பைட், பக்கத்து ஃபீல்டு அதே லைனில் உட்கார்ந்திருக்கும். கேஷை வன்பொருள் ஒத்திசைக்காத போர்டுகளில் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். தனியாகக் கேஎம்அல்லாக் செய்யுங்கள்.

6. இந்தப் பிழைகளைத் தேடக் கருவிகள் உண்டு. லாக் வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப் 2006 முதல் கர்னலில் இருக்கிறது, டேட்டா ரேஸைப் பிடிக்கும் கேசிசான் 2020 முதல். கேசிசானும், நினைவகப் பிழையைப் பிடிக்கும் கேஏசானும் ஒரே கர்னலில் சேராது; ஆகவே லாக்டெப்புடன் இவ்விரண்டில் ஒன்றைப் போட்ட கர்னலில்தான் தினமும் வேலை செய்யுங்கள். மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

7. சாதனத்தைப் பிடுங்கிய பிறகும் யூசர் ப்ரோகிராம் ஃபைலைத் திறந்தே வைத்திருக்கும். ஆகவே பஃபரை விடுவிப்பது ரிமூவ் ஃபங்ஷனின் வேலை அல்ல, அதைப் பிடித்திருப்பவர்களை எண்ணும் கேரெஃபின் கடைசிப் புட்டின் வேலை. ரிமூவில் முதலில் ஃப்ரீ_ஐஆர்க்யூ. ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை அது காத்திருக்கும். அடுத்து கேன்சல்_வொர்க்_சிங்க். பிறகுதான் புட். முதல் இரண்டையும் மாற்றிப் போட்டால், நீங்கள் ரத்து செய்த வொர்க்கைக் கடைசி இன்டரப்ட் மறுபடி வரிசையில் போட்டுவிடும்.