கோபம் பாவமா?

வேதபாடம்: மாற்கு 3:1-6, எபேசியர் 4:26-32

கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதர சகோதரிகளே,

சேலையூரில் நடந்த ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில், நம் ஊழியத்தை ஆதரித்துவரும் ஒரு தாயார் கேட்ட கேள்வியையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம். "ஐயா, காலையில் முழங்காற்படியிட்டு ஜெபித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். எட்டு மணிக்குள் மருமகளிடம் கோபப்பட்டுவிடுகிறேன். நான் இரட்சிக்கப்பட்டவள்தானா?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தத் தாயார் சிரிக்கவில்லை.

மருத்துவமனையிலே இந்தக் கேள்வி தினமும் வெவ்வேறு முகத்தோடு நம்மிடம் வருகிறது. ரத்தம் வந்துசேரத் தாமதமானதால் செவிலியரிடம் கத்துகிற மகன், மூன்று முறை ஊசி குத்தியும் நரம்பு கிடைக்காததால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும் பெரியவர், "என் பிள்ளையை ஏன் எடுத்துக்கொண்டார்?" என்று வேதாகமத்தைத் தள்ளிவிடும் தாய். இவர்கள் எல்லாரும் பாவம் செய்கிறார்களா? வேதம் சொல்வதைப் பார்ப்போம்.

1. ஒரே ஜெப ஆலயத்தில் இரண்டு கோபங்கள்

மாற்கு 3-ஆம் அதிகாரத்தில் ஒரு நோயாளி இருக்கிறான். அவனுடைய கை சூம்பிப்போயிருந்தது. அன்று ஓய்வுநாள். இயேசு அவனைக் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று சிலர் காத்திருந்தார்கள். ஓய்வுநாளில் நன்மை செய்வது சரியா, தீமை செய்வது சரியா என்று அவர் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பொழுது இயேசு அவர்களைக் கோபத்தோடு பார்த்தார் என்று மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். பாவமில்லாத நம் ஆண்டவர் கோபம் கொண்டார். ஆகவே கோபம் என்ற உணர்வு தன்னிலேயே பாவம் என்று நாம் சொல்ல முடியாது.

ஆனால் அதே வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்களுடைய மனக்கடினத்தைக் கண்டு அவர் துக்கப்பட்டார். கோபமும் துக்கமும் ஒரே இருதயத்தில் சேர்ந்திருந்தன. அடுத்ததாக அவர் என்ன செய்தார்? கோபத்துக்குக் காரணமானவர்களை விட்டுவிட்டு நோயாளியிடம் திரும்பினார். கை குணமாயிற்று.

அந்த ஆலயத்தில் கோபம் கொண்டவர்கள் வேறு சிலரும் உண்டு. பரிசேயர் வெளியே போய், ஏரோதியரோடு சேர்ந்து, அவரைக் கொலை செய்ய ஆலோசனை பண்ணினார்கள். ஒரே நாள், ஒரே இடம். ஒரு கோபம் கையைச் சுகமாக்கியது. மற்றொரு கோபம் கொலைக்கு வழி தேடியது. கோபம் யாரை நோக்கித் திரும்புகிறது, அதன் முடிவில் யாருக்கு நன்மை உண்டாகிறது என்பதே கேள்வி.

2. ஒரு நாள் கணக்கு

எபேசியர் 4:26-இல் பவுல், கோபம் வரும் என்று ஒத்துக்கொண்டே, அதிலே பாவம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கிறார். இது 4-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்த வார்த்தை. அங்கே எபிரெய மூலத்தில் உள்ள சொல்லுக்கு நடுங்குவது, கலங்குவது என்பதே அடிப்படைப் பொருள். கோபம் முதலில் உடலில் வருகிற ஒரு நடுக்கம். அது வருவதை நாம் தடுக்க முடியாமல் போகலாம். அது தங்குவதைத் தடுக்கலாம். அதனால்தான் சூரியன் மறைவதற்குள் அதை முடித்துவிடச் சொல்கிறார்.

ஏழைக் கூலியாளின் கூலியையும் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. கோபத்தையும் அப்படிப்பட்ட அன்றாடக் கடனாக எண்ணலாம். மறுநாளைக்குத் தள்ளினால் வட்டி ஏறும். ஐந்து வசனங்கள் தாண்டி, 31-ஆம் வசனத்தில், கசப்போடும் தூஷணத்தோடும் சேர்ந்து குடியிருக்கும் கோபத்தை முற்றிலும் அகற்றும்படி அதே பவுல் சொல்வதன் காரணம் இதுவே.

3. ஒரு சிறிய சொல்

மத்தேயு 5:22-ஐ நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிப்பவர்கள், நியாயமில்லாத கோபத்தையே ஆண்டவர் கண்டிக்கிறார் என்று ஆறுதல்படுகிறார்கள். ஆனால் மிகப் பழமையான சில கையெழுத்துப் பிரதிகளில் 'நியாயமில்லாமல்' என்ற சொல் கிடையாது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலும் அது இல்லை. அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது நமக்கு எளிது. யாருக்குத்தான் தன் கோபம் நியாயமற்றதாகத் தோன்றுகிறது?

திருக்குறளின் 31-ஆம் அதிகாரம் வெகுளாமை. நம் கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குகிறவனே உண்மையில் அடக்குகிறவன் என்று அதன் முதற்குறளில் வள்ளுவர் காட்டுகிறார். பெரிய டாக்டரிடம் நாம் கோபப்படுவதில்லை; வார்டைப் பெருக்கும் ஆயாவிடம்தான் கோபப்படுகிறோம். மேலதிகாரியிடம் அடங்கும் வாய், வீட்டில் மருமகளிடம் அடங்குவதில்லை.

4. நாங்கள் கற்ற பாடம்

இனி எங்கள் சொந்தத் தவறு ஒன்றை உங்களுக்கு அறிக்கையிடுகிறோம்.

தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையத்தை அறியாதவர்கள் நம் பகுதியில் இல்லை. 1928-இல் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவமனையால் வந்த பெயர் அது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். பல மருத்துவமனைகள் அந்நோயாளிகளை வாசலிலேயே திருப்பியனுப்பிய அந்நாட்களில், 1993 முதல் சானடோரியம் அவர்களுக்குப் படுக்கை கொடுத்தது. இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது.

அதற்கு முன்பு, 2001-இல், நாங்கள் ஊழியம் செய்த வார்டில் ஒரு சகோதரி இருந்தாள். கணவன் இறந்துவிட்டான். இரண்டு பிள்ளைகளும் கணவனின் அண்ணன் வீட்டில். அந்த மனிதர் ஒருநாள் விட்டு ஒருநாள் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். வார்டுக்குள் வரமாட்டார். வாசலில் தரையில் வைத்துவிட்டு, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒருநாள் எங்களுக்குப் பொறுக்கவில்லை. "நாய்க்கு வைப்பதுபோல் வைக்கிறீரே, நீர் மனிதன்தானா?" என்று எல்லார் முன்பாகவும் கடிந்துகொண்டோம். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். ஆலயத்தைச் சுத்திகரித்த ஆண்டவரைப்போல் நடந்துகொண்டதாக அன்றிரவு எங்களுக்குள் ஒரு திருப்தி.

பதினொரு நாள் அவர் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்தச் சகோதரி எங்களிடம், "ஐயா, எனக்குன்னு வர்றவரு அவரு ஒருத்தருதான். அவரையும் ஏன் திட்டினீங்க?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே முடிச்சூருக்குப் பஸ் ஏறினோம். அந்த மனிதர் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டபோது, "ஐயா, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. தம்பி பிள்ளைங்களும் இங்கதான். இது எப்படி ஒட்டும்னு யாரும் எனக்குச் சொல்லல. பயந்துபோய்தான் வாசலோட நின்னேன்" என்றார்.

நாங்கள் அறிவு கொடுக்கவேண்டிய இடத்தில் கோபத்தைக் கொடுத்திருந்தோம். மறுநாள் அவர் வந்தார். தொடுவதாலும், சேர்ந்து சாப்பிடுவதாலும் அந்நோய் பரவாது என்று நம் டாக்டரம்மா பத்து நிமிடம் விளக்கினார்கள். அன்று அவர் உள்ளே வந்து, கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, கஞ்சியைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். ஆறு வாரத்தில் அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். தனிமையில் அல்ல. ஆனாலும் நாங்கள் அவளிடமிருந்து பறித்த பதினொரு நாளைத் திருப்பித்தர எங்களால் முடியவில்லை.

எங்கள் கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அது நோயாளியிடம் திரும்பவில்லை. அவளுக்கு அதனால் நஷ்டமே உண்டாயிற்று. அதே அநியாயத்தைக் கண்டு மனங்கொதித்த வேறு பலர் ஆண்டுக்கணக்காக உழைத்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் புறக்கணிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2017-இல் நிறைவேறியது. அவர்களுடைய கோபத்தால் நோயாளிக்குப் பலன் கிடைத்தது.

5. தேவனிடமே கோபமா?

வேதாகமத்தைத் தள்ளிவிட்ட தாயை நாங்கள் இப்போது கடிந்துகொள்வதில்லை. யோபு தேவனிடம் எவ்வளவோ வழக்காடினான். முடிவில் தேவன் கோபம் கொண்டது யோபுவின்மேல் அல்ல. அவனுக்குப் போதித்த நண்பர்கள்மேல் (யோபு 42:7). தேவனை நோக்கிக் கதறுகிறவர்கள் இன்னும் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த வேளையில் அருகில் உட்கார்ந்திருப்பதே எங்கள் வேலை.

சேலையூர்த் தாயாருக்கு நாங்கள் சொன்ன பதில்: "அம்மா, கோபம் வந்ததால் உங்கள் இரட்சிப்பு போய்விடவில்லை. ஆனால் எட்டு மணிக்கு வந்த கோபம் ராத்திரிச் சாப்பாட்டு வேளையிலும் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருமகளைக் கூப்பிட்டு முதலில் நீங்கள் பேசுங்கள்."

சிந்திக்க:

1. கடைசியாக நாம் கோபப்பட்டபோது, யாருக்கு நன்மை உண்டாயிற்று?
2. நம்மிலும் எளியவர்கள்மேல் மாத்திரம் வருகிற கோபம் எது?
3. இன்று பொழுதுசாயுமுன் யாருடைய வீட்டுக்கு நாம் பஸ் ஏற வேண்டும்?

ஜெபம்: ஆண்டவரே, அநியாயத்தைக் கண்டு மரத்துப்போகாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் கோபத்தோடு உம்முடைய துக்கத்தையும் சேர்த்துத் தாரும். நாங்கள் காயப்படுத்தினவர்களிடம் இன்றே போக எங்களைப் பெலப்படுத்தும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்