எண்ணெய்க் கழிவும் கிணற்று நீரும்

நம் நாட்டின் முதல் கச்சா எண்ணெய்க் கிணறு சரவாக் மாநிலத்தின் மிரி நகரில் 1910ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எண்ணெய் தந்தது. 1972ஆம் ஆண்டு மூடப்பட்டது. நிலத்திலிருந்து எண்ணெய் எடுக்கும்போது அதனுடன் உப்புநீரும் மிகுதியாக மேலே வருவதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்நீரை வெறும் மண்குழிகளில் நெடுங்காலம் தேக்கி வைத்ததனால், அருகிலுள்ள நிலத்தடி நீர் உப்பேறிக் கெட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் கச்சா எண்ணெய் வயல் இல்லை. எனவே இஃது அயலார் தொல்லை என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். ஆனால் எண்ணெய் மண்ணுக்குள் இறங்க எண்ணெய் வயல் வேண்டுவதில்லை. கவனிப்பாரற்ற ஒரு குழியே போதும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் அவ்வூர்ப் பக்கம் உறவுடைய குடும்பங்கள் பல உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும், சமைக்கவும், வெங்காயப் பாத்திக்குப் பாய்ச்சவும் கிணறு ஒன்றே கதி. அடியில் இருப்பதோ சுண்ணாம்புக் கல். அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நீர் தடையின்றி ஓடும். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2013, 2014ஆம் ஆண்டுகளில் பெரிதும் வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டு மக்கள் கிளர்ச்சி செய்தனர். வழக்கு இலங்கை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மின்னுற்பத்தி நிறுவனத்தின் எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததில் பங்குடையது என 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்காக இரண்டு கோடி ரூபாய் செலுத்த ஆணையிட்டது. பணம் கொடுக்கலாம், கிணற்றையும் இறைத்துச் சுத்தம் செய்யலாம். பாறை வெடிப்புகளில் புகுந்த எண்ணெயை யார் இறைப்பது?

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1917ஆம் ஆண்டு கோலசிலாங்கூர் பகுதியின் தெனமாரம் தோட்டத்தில்தான் இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வாணிப நோக்குடன் நடப்பட்டது. இன்று ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டன் வரை கழிவுநீர் வெளிவருகிறது. குலைகளை நீராவியில் அவிக்கும்போதும், எண்ணெயைத் தெளிய வைத்து வண்டலைப் பிரிக்கும்போதும் சேர்வதே இதில் பெரும்பகுதி. வெளிவரும்போது கொதிநிலையை நெருங்கிய சூடும், புளிப்புத் தன்மையும், பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். இதில் நச்சு மருந்து எதுவும் சேர்க்கப்படுவதில்லை என்று ஆலைக்காரர்கள் கூறுவது உண்மையே. ஆனால் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது.

கழிவிலுள்ள பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளியை எடுத்துக்கொள்கின்றன. அவ்வாறு எவ்வளவு உயிர்வளி தேவைப்படும் என்பதைத்தான் பி.ஓ.டி. எனும் அளவால் குறிக்கின்றனர். நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்றுநீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியே கரைந்திருக்கும். சுத்திகரிக்காத ஆலைக் கழிவின் தேவையோ லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் கழிவு, 3,000 லிட்டர் ஆற்றுநீரின் உயிர்வளியை முழுதும் உறிஞ்ச வல்லது. மீன் செத்து மிதந்ததற்கு இதுவே காரணம்.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977ஆம் ஆண்டு செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே விதிகள் இயற்றப்பட்டன. 1978ஆம் ஆண்டு ஜூலை முதல் வெளியேற்றும் நீரின் பி.ஓ.டி. 5,000 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது எனத் தொடங்கி, ஆண்டுதோறும் வரம்பு இறுக்கப்பட்டு, 1984ஆம் ஆண்டு 100 ஆயிற்று. அதே காலத்தில் நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தியும் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று என்பதனால், விதிகள் தொழிலை நசுக்கும் என்ற அச்சம் வீணாயிற்று. அடுக்கடுக்காக வெட்டப்பட்ட கழிவுநீர்க் குளங்களே பெரும்பாலான ஆலைகள் கண்ட வழி. முதற்குளங்களில் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. அப்போது எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்து எரிபொருளாக்கும் ஆலைகளும் உண்டு.

ஆற்றுக்குப் போகும் நீரை அளக்கிறார்கள்; குளத்தின் அடியில் கசியும் நீர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோல லங்காட் கரையோரத் தோட்டங்களில் மேலே தடித்த களிமண் படிந்துள்ளது. அது நல்ல தடுப்பு. ஈயச் சுரங்கம் தோண்டிய பழைய மணல் நிலங்களிலோ நீர் விரைந்து இறங்கும். கழிவில் தழைச்சத்து மிகுதி. அது மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழையோடு கீழே போகும். ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மிகையானால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க இயலாமற் போய், உடல் நீலம் பாய்வதுண்டு. இங்குத் தாய்மார்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவாகவே ஆகும்.

குழாய்நீர் வந்தபின் கிணறு எதற்கு என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றுக்கு வரும் கோங் ஆறு மாசடைந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு நீர் நின்றது. இத்தகைய நாள்களில் கைகொடுப்பது மூடிக் கிடக்கும் பழைய கிணறுதான்.

கிணற்று நீரின்மேல் வானவில் போல் ஏடு படர்ந்திருந்தால் உடனே அஞ்ச வேண்டா. ஒரு குச்சியால் கலக்கிப் பாருங்கள். ஏடு சில்லுச் சில்லாக உடைந்து தனித்தனியே நின்றால், அது இரும்புச் சத்தைத் தின்னும் நுண்ணுயிரின் வேலை. சதுப்பு நிலங்களில் இது மிக இயல்பு. உடையாமல் சுழன்று மீண்டும் ஒன்றுகூடினால், டீசலோ மசகெண்ணெயோ கலந்திருக்கிறது என ஐயுறலாம். அப்போது முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் மின்னாக்கிக் கொட்டகையும் லாரி பழுதுபார்க்கும் பட்டறையுமே. பயன்படுத்திய இயந்திர எண்ணெயைக் குழி வெட்டி ஊற்றும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அது பட்டியலிடப்பட்ட கழிவாகும். உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

ஐயம் தோன்றினால் அந்நீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, தோட்ட நிருவாகத்திடமும் சுற்றுச்சூழல் துறையின் மாநில அலுவலகத்திலும் தெரிவியுங்கள். சோதனைக்கு நீர் எடுக்கும்போது பிளாஸ்டிக் புட்டியைப் பயன்படுத்தலாகாது; எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாயகன்ற, தூய கண்ணாடிப் புட்டியே ஏற்றது. எடுத்த நாளும் நேரமும் அதன்மேல் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.