கான்கிரீட்டில் துளையிடும் வேகம்

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள கார்டன் ரீச் கப்பல் தளம் 1884-ல் சிறு பட்டறையாகத் தொடங்கியது. 1960-ல் மத்திய அரசு அதனை ஏற்றது. கப்பல் தளங்களில் துளையிடுவோரின் கை பெரும்பாலும் எஃகிலேயே பழகியது. யந்திரங்களைத் தாங்கும் தரையோ கான்கிரீட். இங்கு அப்பழக்கம் உதவாது.

எஃகை அலகின் விளிம்பு சீவி எடுக்கிறது. 10 மில்லிமீட்டர் அலகு நிமிஷத்திற்கு 800 முறை சுழன்றால் விளிம்பு சுமார் 25 மீட்டர் செல்லும். 20 மில்லிமீட்டர் அலகிற்கு அதே விளிம்பு வேகம் பெற 400 சுற்றே போதும். விட்டத்தை 3.14-ஆலும் சுற்றுகளாலும் பெருக்கி மாணவர்களே இதனைச் சரிபார்க்கலாம்.

கான்கிரீட்டில் ஜல்லியை நொறுக்குவது சுத்தியல் டிரில்லின் அடியே. சுழற்சி, பொடியை வெளியேற்றி விளிம்பை அடுத்த அடிக்குப் புதிய இடத்தில் வைக்கிறது, அவ்வளவே. ஆகவே மிக விரைவாகச் சுழற்றினாலும், உடல் பாரத்தால் அழுத்தினாலும் உராய்வே மிகும். டங்ஸ்டன் கார்பைடு முனை அவ்வுஷ்ணத்தைப் பொறுக்கும். அதனை எஃகுத் தண்டுடன் பிணைக்கும் பற்றாசு பொறுக்காது, முனை கழன்றுவிடும். சூடேறிய முனையை நீரில் தோய்ப்பது கொல்லர் பட்டறை வழக்கம். கார்பைடு அதனால் விரிசல் காணும். தானே ஆறவிடுக.

ஒலி மாறினால் உள்ளே கம்பி தட்டுப்பட்டிருக்கலாம். உடனே நிறுத்துதல் வேண்டும். கம்பியில் மோதும் முனை உடையும். கம்பியை வெட்டினால் கட்டடத்தின் வலிமை குறையும்.

துளையில் பொடி தங்கினால் போல்ட்டின் பிடி தளர்ந்து யந்திரம் அசையும். எனவே பம்பினால் ஊதி, தூரிகையால் துடைத்து, மீண்டும் ஊதிய பின்னரே போல்ட்டை இறக்குக. வாயால் ஊதுதல் கூடாது. அப்பொடியிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.