கரைசல்களை அறிவோம்

கிராமக் கூட்டங்களில் நம்மிடம் தவறாது கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "மருந்தைச் சற்றுக் கூட்டினால் பலனும் கூடாதா?" என்பதே அது. ஓர் ஊரில் உளுந்துக்கு டி.ஏ.பி. தெளித்த விவசாயி ஒருவர், 10 லிட்டர் நீருக்கு 200 கிராம் கரைப்பதற்குப் பதிலாக 1 கிலோ கரைத்துவிட்டார். இலைகள் கருகின, பூக்கள் உதிர்ந்தன. பிழை அவருடையது மட்டுமன்று. நாம் அளவைச் சொன்னோம், காரணத்தைச் சொல்லவில்லை. அக்குறையை இங்கு நீக்க முயல்கின்றோம்.

உப்பை நீரிலிட்டுக் கலக்கினால் அது கண்ணுக்குப் புலப்படாமல் கரைந்துவிடுகின்றது. கரையும் உப்பைக் கரைபொருள் என்றும், கரைக்கும் நீரைக் கரைப்பான் என்றும், இரண்டும் ஒன்றிய கலவையைக் கரைசல் என்றும் வழங்குகின்றோம். கரைசலின் எத்துளியிலும் சுவை ஒன்றே. துணியால் வடிகட்டி அதைப் பிரிக்க இயலாது.

கரைபொருள் குறைந்திருப்பின் அது நீர்த்த கரைசல். மிகுந்திருப்பின் செறிந்த கரைசல். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. வேதாரணியம், தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலால் நீர் வற்ற வற்றச் செறிவு ஏறுகின்றது. சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் சமையல் உப்பையே கரைக்கும். அதற்குமேல் கரையாத அந்நிலையே தெவிட்டிய கரைசல். மேலும் நீர் வற்றினால் உப்பு படிகமாகப் படிகின்றது.

எல்லாக் கலவையும் கரைசல் ஆகாது. மயில்துத்தம் மட்டும் நீரில் தெளிந்த நீலக் கரைசலாகும். அதனுடன் சுண்ணாம்பு நீர் சேர்ந்த போர்டோ கலவையிலோ நுண்துகள்கள் மிதந்து நின்று, பின்னர் அடியில் படியும். இது தொங்கல் எனப்படும். எனவே அதை அடிக்கடி கலக்கி, அன்றே தெளித்துவிட வேண்டும்.

செறிவைச் சதவீதத்தால் குறிப்பர். 2 சதவீதம் என்றால் 100 லிட்டருக்கு 2 கிலோ. மிகச் சிறு அளவுகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பர். குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிடத்து 1.5 மில்லிகிராமே உச்ச வரம்பு. கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாதாகையால், நீர் தெளிந்திருப்பது மட்டுமே தூய்மைக்குச் சான்றாகாது, பரிசோதனை அவசியம்.

இனி, உளுந்து கருகிய காரணத்தைக் காண்போம். செறிந்த கரைசல் தன்னைத் தொட்டிருக்கும் உயிர்ப்பொருளிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். இலைக்கு நேர்ந்தது இதுவே. வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு, 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு குவளை நீரில் கரைத்துக் கொடுத்தாலும் இதுவே நேரும். உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு, நோய் முற்றும். பயிருக்காயினும் குழந்தைக்காயினும், அளந்து கலப்பதே காப்பு. பொட்டலத்தைப் பிரிக்குமுன் அதன்மேல் அச்சிட்ட அளவைப் படிக்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்றுமாக.