வட்டப் படமும் பட்டைப் படமும்

எண்களை நிரல்படக் கூறிய அளவில் அவற்றின் பொருள் கற்போர் உள்ளத்தில் எளிதிற் பதிவதில்லை. ஆதலின் அறிஞர் அவற்றை வடிவங்களாக்கிக் காட்டலாயினர். ஸ்காட்லாந்து நாட்டினராகிய வில்லியம் பிளேபேர் என்பார் 1786-ஆம் ஆண்டிற் பட்டை விளக்கப்படத்தையும், 1801-ஆம் ஆண்டில் வட்ட விளக்கப்படத்தையும் தம் நூல்களில் வெளியிட்டனர். இவ்விரண்டனுள் எதனை எவ்விடத்து ஆளுதல் தகும் என்பதை நம் குமரி மாவட்டத்துக் கணக்கைக் கொண்டே ஈண்டு ஆராய்வாம்.

வட்டம் ஒரு முழுமை. முழுப்பொருளொன்று எவ்வெப் பங்குகளாகப் பிரிந்துள்ளது என்று காட்டற்கே அஃது உரியது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கின்படி இம்மாவட்ட மக்களுள் நூற்றுக்கு 82.33 பேர் நகர்ப்புறத்தினர், எஞ்சிய 17.67 பேர் நாட்டுப்புறத்தினர். இரண்டுங் கூடி 100 ஆகின்றன. வட்டத்தின் 360 பாகையில் முன்னதற்கு ஏறக்குறைய 296, பின்னதற்கு 64 என வகுத்து வரையின், காண்போர் நொடிப்பொழுதில் உணர்வர்.

அக்கணக்கிலேயே எழுத்தறிவு பெற்றோர் குமரியில் நூற்றுக்கு 91.75, சென்னையில் 90.18, தூத்துக்குடியில் 86.16. இவற்றை ஒரு வட்டத்துள் அடைக்கலாமோ? ஆகாது. இவை ஒரு முழுமையின் பங்குகள் அல்ல. வெவ்வேறு மூன்று முழுமைகளினின்றும் பெற்றவை. கூட்டினால் நூற்றைக் கடந்துவிடும். அன்றியும், அளவில் நெருங்கிய இரு கூறுகளுள் பெரியது எது எனக் கோணங்கொண்டு அறிதல் அரிது. ஒரே அடிக்கோட்டின்மேல் நிற்கும் பட்டைகளின் நீளத்தை ஒப்பிடுதல் கண்ணுக்கு எளிது. ஆதலின் இங்கே பட்டையே தக்கது.

எனினும் பட்டைக்கும் ஓர் அறம் உண்டு. அது சுழியத்தினின்று எழுதல் வேண்டும். அடிக்கோட்டை 90-இல் வைத்து வரைந்தால், குமரியின் பட்டை 1.75 அளவும் சென்னையின் பட்டை 0.18 அளவுமாய் நின்று, நாம் அவர்களினும் ஒன்பது மடங்கிற்கு மேற் கற்றவர்போலத் தோன்றுவோம். தூத்துக்குடியோ தோன்றவே தோன்றாது. உண்மை வேற்றுமை நூற்றுக்கு 1.57 மட்டுமே. மதிலுக்கு அப்பால் நிற்கும் தென்னைகளின் அடிமரத்தை விடுத்து, மதிலின்மேல் தோன்றுங் கொண்டைகளை மட்டும் அளந்து உயரங் கூறுவதை இஃது ஒக்கும்.

தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் அக்கணக்கு நமக்கே முதலிடம் தந்தது. அப்பெருமையைச் சுழியத்தினின்று நூறுவரை நேர்பட வரைந்து காட்டுக. பிற மாவட்டத்தார்க்கும் நமக்கும் உள்ள இடைவெளி அப்படத்திற் சிறிதாகவே தோன்றும். ஆயினும் நம் பட்டையின் உச்சிக்கும் நூற்றுக்கும் இடையே 8.25 அளவு வெற்றிடம் ஒன்று உடன்தோன்றும். அவ்விடத்திற்குரியோர் எழுத்தறியாத நம் ஊரினர். கல்லூரியிற் பயில்வார் கண் முதலிற் செல்லவேண்டிய இடமும் அதுவே.