இறால் குஞ்சுக்குத் தனித்தொட்டி எதற்கு?

கேள்வி: இரண்டடித் தொட்டியில் சிவப்பு செரி இறால் வளர்க்கிறேன். சினை இறாலைப் பிடித்துச் சிறு தொட்டியில் சுத்தமான தண்ணீர் ஊற்றித் தனியே விடுகிறேன். குஞ்சு பொரிக்கிறது, ஆனால் பத்து நாளில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. குஞ்சுக்கு என்ன தீனி போட வேண்டும்? (வாசகர், சென்னை)

பதில்: நீங்கள் கேட்டது தீனியைப் பற்றி. எனக்கு உறுத்துவதோ அந்தச் ‘சுத்தமான தண்ணீர்’. செரி இறால் ஒரு ஈட்டுக்கு இருபது முப்பது முட்டைதான் வைக்கும். அவற்றை வயிற்றடிக் கால்களில் ஒட்டவைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் ஓயாமல் விசிறிக் காக்கும். முட்டை குறைவு, ஆனால் பெரிது. அதனால்தான் குஞ்சு முழு இறாலாகவே வெளியே வருகிறது: இரண்டு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, கறுப்புப் புள்ளியாய் இரண்டு கண்கள். அமானோ இறாலின் கதை வேறு. அது ஆயிரக்கணக்கில் பொடி முட்டை இடும்; பொரிந்த புழுப்பருவம் உப்புத் தண்ணீர் இல்லாமல் தேறாது. அதற்குத் தனித்தொட்டி கட்டாயம். அந்த முறையைச் செரி இறாலுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

பெரிய இறால் தீனி விழும் மூலைக்கு நீந்திப் போகும். குஞ்சு போகாது. பிறந்த பாசி இழையிலேயே ஒண்டிக்கொண்டு, கைக்கெட்டியதைச் சுரண்டித் தின்னும். ஆகவே அதன் சாப்பாடு எல்லா இடத்திலும், எல்லா நேரமும் இருக்க வேண்டும். பல மாதம் ஓடிய தொட்டியில் கல், இலை, ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாவற்றின் மேலும் விரலுக்கு வழுவழுவென்று தட்டுப்படுமே, அந்த நுண்ணுயிர்ப் படலம்தான் அப்படிப்பட்ட சாப்பாடு. நேற்று தண்ணீர் ஊற்றிய தொட்டியில் அது இருக்காது. உங்கள் குஞ்சுகள் பெரும்பாலும் பட்டினியில் செத்திருக்கும். போதாததற்கு, புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் இராது, அமோனியா ஏறும். இடம் மாறிய அதிர்ச்சியில் தாய் தோலுரித்தால், சினையும் தோலோடு கழன்றுபோகும்.

பொடித் தீனி வாங்கித் தூவினால் போதாதா என்பீர்கள். பழைய தொட்டியில், வாரம் ஓரிரு முறை, ஊசிமுனை அளவு தூவினால் நல்லதுதான். புதுத் தொட்டியில் தூவினால் தின்றதைவிட அழுகியது அதிகமாகும். அதைத் தின்னத் தட்டைப்புழு வரும். படலம் வளர ஒரு வழி காசில்லாமலே கிடைக்கிறது. தெருவோரத்து நாட்டு பாதாம் மரத்தின் பழுத்துக் காய்ந்து விழுந்த இலையைக் கழுவிப் போடுங்கள். மருந்தடித்த மரமாக மட்டும் இருக்கக் கூடாது. சில வாரங்களில் இலையின் சதை கரைந்து நரம்பு வலையாகும். அந்த வலையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குஞ்சுகள் அங்கேதான் மேயும்.

பெரிய இறால் குஞ்சைத் தின்றுவிடுமே என்ற பயம் பலருக்கு உண்டு. செத்ததைத் தின்னும், உயிரோடிருக்கும் குஞ்சைத் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன் அல்ல அது. மீன் இருந்தால் பேச்சே வேறு: வாய்க்கு அடங்கும் குஞ்சைக் கப்பியும் விடாது. பிரிக்க வேண்டியது மீனைத்தான், தாயை அல்ல. மோட்டார் ஃபில்டர் உறிஞ்சிவிடும் என்ற பயம் மட்டும் நியாயமானது. உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிட்டால் அதுவும் தீர்ந்தது. அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்காதீர்கள். குளோரின் பட்டால் படலமும் போச்சு, பாக்டீரியாவும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

ஒரு மறுப்பை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன். பழைய தொட்டி என்பதாலேயே தண்ணீர் சரியாக இருந்துவிடாது. குஞ்சு சில நாளுக்கொரு முறை தோலுரிக்கும். புது ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் அது ஏறக்குறைய இல்லை. தாது உப்பு கலந்தோ, போர் தண்ணீரோடு சேர்த்தோதான் அதை ஊற்ற வேண்டும். கோடையில் ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரே சரி: ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தங்கிவிடுகிறது, போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். சூடு முப்பது டிகிரியை நெருங்கினால் தண்ணீர் மேல் படும்படி சின்ன மின்விசிறி வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஏர் பம்பையும் இரவில் நிறுத்தாதீர்கள்.